சாகப் போகும் செல்களுக்கு ஒரு வாய் சீரம்

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். கல்யாணமே ஆகாத ஒருத்திக்கு இப்படிப் பெயர் வைக்கிறோமே என்று எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை. செல் அறைக்குள் நுழைகிறவர்களை அவள் நடத்திய விதத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. கையை முழங்கை வரை கழுவினாயா, நகம் வெட்டினாயா, செண்ட் போட்டிருக்கிறாயா, காலையில் தும்மினாயா, இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். ஆய்வகத்துக்கே தலைவரான பேராசிரியரை ஒரு முறை காலுறை மாட்டவில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவர் வாலைச் சுருட்டிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் எனக்கு நல்ல பசி எடுத்தது.

நான் பக்கத்து அறையில் ஆட்டோகிளேவ் ஓட்டுகிறவள். ஆட்டோகிளேவ் என்றால் ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரலாம் போன்ற பெரிய பிரஷர் குக்கர். ஆராய்ச்சி முடிந்து மிஞ்சுகிற கிருமி, செல், கையுறை எல்லாவற்றையும் அதில் போட்டு, வேகவைத்துச் சாகடித்துத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மாடியில் வேலைப் பங்கீட்டில் குழப்பமே கிடையாது. மாமியார் செல்களை வளர்ப்பாள். ஆராய்ச்சி மாணவி அவற்றில் கிருமியை விடுவாள். நான் இரண்டையும் வேகவைப்பேன். பேராசிரியர் வெளியூர் போய் அதைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்.

செல் என்றால் மனிதக் குடலின் உள்சுவரிலிருந்து என்றைக்கோ எடுத்து, பரம்பரை பரம்பரையாக வளர்த்து வருகிற செல்கள். பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் அவை கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இளஞ்சிவப்பாக ஒரு திரவம், அதைத்தான் மீடியம் என்பார்கள். அதில் சர்க்கரை, உப்பு, கூடவே கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றாவிட்டால் திரவம் மஞ்சளாகிவிடும். மாமியாரின் அறையில் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தட்டுகூட மஞ்சளானதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை, வந்ததற்கு யாரும் நன்றி சொல்லவும் இல்லை.

ஏன்டி இப்படி விழுந்து விழுந்து செய்கிறாய் என்று கேட்டால், செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா என்பாள். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். அவள் இருந்தது அண்ணன் வீட்டில். அங்கே அவளுக்கென்று ஓர் அறை உண்டு. அந்த அறையில் அவளோடு வாஷிங் மெஷினும், இஸ்திரி மேசையும், அண்ணியின் தையல் மெஷினும், போன குளிருக்கு வாங்கிய கம்பளிகளும் குடியிருந்தன. எந்நேரமும் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து துணி எடுப்பார்கள். அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் அண்ணி, "நீ பாட்டுக்கு மாத்து, நான் நூல்தான் எடுக்க வந்தேன்" என்பாளாம். உலகத்தில் அவளைக் கேட்காமல் யாரும் நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான், செல் அறை. அதன் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அந்தச் சாவியை அவள் தானாகவே பணயம் வைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆராய்ச்சி மாணவி என்றேனே, அவள் பெயர் ஏழாம் வருஷம். நான் முதலில் பார்த்தபோது அவள் மூன்றாம் வருஷமாக இருந்தாள். வருஷா வருஷம் பெயருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அவளுக்குப் பட்டம்தான் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு வயது. கணவன் வேறு ஊரில். தினமும் மதியம் போனில் "எப்ப முடியும்" என்று கேட்பான், அவள் "அடுத்த மாசம்" என்பாள். நல்ல பெண். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதலில் நம் பக்கம்தான் நீட்டுவாள். ஆனால் செல் அறை விஷயத்தில் அவளும் மற்றவர்களைப் போலத்தான். வேண்டியதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி செல்களைச் சூடு மாறாமல் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரின் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவாள். "நாளை இரண்டு தட்டு. இன்று மாலை சீரம் இல்லாத மீடியம் மாற்றவும்." எதற்கு என்று எழுத அந்தச் சீட்டில் இடம் போதாது. மாமியாரும் கேட்கமாட்டாள். படித்தவர்களிடம் கேள்வி கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

சீரம் இல்லாத மீடியம் என்றால் செல்களுக்கு விடியும் வரை பட்டினி. மாமியார் சீட்டில் எழுதியபடியே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் மெஷினைச் சூடேற்ற வரும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பிப்பெட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். குழி குழியாக இரண்டிரண்டு சொட்டு சீரம் விட்டுக்கொண்டிருப்பாள்.

"சீட்டுல சீரம் வேண்டாம்னுதானேடி போட்டிருக்கு?" என்று முதல் தடவை கேட்டேன்.

"நேத்து சாயந்திரம் வேண்டாம்னு போட்டிருக்கு. இன்னைக்குக் காலையில பத்தி ஒண்ணும் போடலையே."

"அவளுக்குத் தெரிஞ்சா?"

"எட்டரைக்கு வந்து இதுங்க மேல கிருமியை விடப்போறா. மத்தியானம் உன் குக்கருக்கு வந்துடும். தூக்குல போடப்போறவன்கிட்டகூட கடைசியா என்ன வேணும்னு கேப்பாங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் சிரித்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருஷம் அதைப் பார்த்தேன், இரண்டு வருஷமும் சிரித்தேன். என் பங்கையும் இங்கே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஏழாம் வருஷத்துக்குப் பட்டத்தை முடிக்கக் கொடுத்த கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை பேராசிரியர் கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் பிஸ்கட் உண்டு. நானும் மாமியாரும் கடைசி வரிசையில் டீயோடு உட்கார்ந்தோம். இரண்டு வருஷமாக என்ன கிழித்தாய் என்று சொல் என்பதைப் பேராசிரியர் நாகரிகமான வார்த்தைகளில் கேட்டார். அவள் திரைக்கு முன்னால் நின்று சொல்ல ஆரம்பித்தாள். வழக்கமாக இவர்கள் பேசினால் எனக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு அவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை போல, எங்களுக்கும் புரிகிற மாதிரி பேசினாள்.

"இந்தக் கிருமி பூட்டை உடைச்சு உள்ள போறதில்லை. செல்லுக்குள்ள எப்பவும் ஒரு பேச்சு நடந்துக்கிட்டே இருக்கு. வெளியில இருந்து ஒரு சேதி வந்தா, தோல் மேல இருக்கற ஒரு புரதம் அதை வாங்கி உள்ள இருக்கறதுகிட்ட சொல்லும், அது இன்னொண்ணுகிட்ட சொல்லும். கடைசியில செல் வளரும், நகரும், எதையாவது வாரி விழுங்கும். கிருமி என்ன பண்ணுதுன்னா, ஊசி மாதிரி ஒரு குழாயைக் குத்தி, தன்னோட புரதத்தை உள்ள அனுப்புது. அந்தப் புரதம் செல்லோட சொந்த ஆள் குரல்லயே பேசுது. விழுங்குன்னு சொல்லுது. உடனே செல்லோட தோல் அலையா எழும்பி, கிருமியை அதுவே வாரி உள்ள போட்டுக்குது. அப்புறம் கிருமி இன்னொரு புரதத்தை அனுப்பி அலையை அடக்கிடுது. வெளியில இருந்து பார்த்தா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்."

என் கொழுந்தன் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான் என்று மாமியார் காதில் சொன்னேன். பெட்டியோடு வந்தான், என் புருஷன் குரலில் நாலு வார்த்தை பேசினான், நானே கட்டிலை நகர்த்திப் போட்டேன். மாமியார் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுங்குன்னு சொல்ற அந்தப் புரதத்தை எடுத்துட்டு, ஊமைக் கிருமி ஒண்ணு தயார் பண்ணேன்" என்று ஏழாம் வருஷம் தொடர்ந்தாள். "அது வெளியிலயே நிக்கணும். உள்ள போகக் கூடாது. இதைச் சரியாப் பார்க்கறதுக்காகத்தான் முதல் நாளே செல்லைப் பட்டினி போடறோம். சீரத்துலயே எழுந்திரு, வளருன்னு ஆயிரம் சேதி இருக்கு. அதைக் குடிச்ச செல் கிருமி வர்றதுக்கு முன்னாடியே ஆட்டம் போட ஆரம்பிச்சிடும். அப்புறம் பேசினது கிருமியா சீரமான்னு தெரியாது."

மாமியார் டீயில் தோய்த்த பிஸ்கட்டை வெளியே எடுக்கவே இல்லை. அது ஊறிக் கரைந்து அடியில் போய்விட்டது.

முப்பது தடவை செய்த சோதனை, தேதி வாரியாகத் திரையில் வந்தது. இருபத்தாறு தடவை ஊமைக் கிருமி ஜம்மென்று உள்ளே போயிருக்கிறது. நாலே நாலு தடவைதான் வெளியே நின்றிருக்கிறது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கேடு.

"அந்த நாலு நாளும் செல்லைப் பார்த்துக்கிட்டது யாரு? நீ. செல் ரூம் அம்மா அன்னைக்கெல்லாம் இல்லை. அம்மா பார்த்துக்கிட்ட நாள்ல எல்லாம் ரிசல்ட் ஒரே மாதிரி இருக்கு. செல்லுல தப்பில்லை, உன் கையிலதான் தப்பு. நீ சொல்ற புரதத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. வெள்ளிக்கிழமை உன் பட்டத்தைப் பார்க்கற கமிட்டிக்கு லெட்டர் போடறேன். இதை இத்தோட நிறுத்திக்கலாம்."

ஏழாம் வருஷம் அழவில்லை. புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கி, சிக்கில்லாமல் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மாமியார் நேராக என் அறைக்கு வந்தாள். மெஷின் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, எவ்வளவு பேசினாலும் வெளியே கேட்காது.

"அந்த நாலு தேதியைப் பார்த்தியா?" என்றாள். "மூணு நாள் நான் கடைவாய்ப் பல்லுக்கு லீவு போட்டது. நாலாவது, பஸ் நடுவழியில நின்னு பத்து மணிக்கு வந்தேனே, அது. நான் ஊத்தாத நாள் அந்த நாலு நாள்தான்டி."

என் புத்தி எப்போதும் குறுக்கு வழியில்தான் முதலில் ஓடும். "வாயை மூடிக்கிட்டு இரு. நாளையிலேர்ந்து ஊத்தாதே. ரிசல்ட் தானா சரியாயிடும், அவ கை திருந்திடுச்சுன்னு அவரே சொல்லிப்பாரு."

"லெட்டர் வெள்ளிக்கிழமை போகுது. அதுக்குள்ள அவ எத்தனை தடவை பண்ண முடியும்? ரெண்டு தடவை சரியா வந்தா மட்டும், பழைய இருபத்தாறு எப்படின்னு கேக்கமாட்டாங்களா?"

"நீ சொன்னா சாவி போயிடும்டி. அதுக்கப்புறம் உனக்கு அந்தத் தையல் மெஷினும் கம்பளியும்தான்."

"தெரியும்" என்றாள். புதன்கிழமை முழுவதும் கதவில் யாரையும் கேள்வி கேட்கவில்லை. ஒருவன் செண்ட் வாசனையோடு உள்ளே போனான், அதற்கும் பேசாமல் இருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். ஏழாம் வருஷம் அங்கேயே இருந்தாள், ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் ஊத்தினேன்" என்றாள் மாமியார்.

"என்னத்தை?"

"சீரம். பட்டினி போட்ட செல்லுக்கு. காலையில ஏழு மணிக்கு. ரெண்டு வருஷமா."

அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், கத்தினால் பதிலுக்கு நானும் நாலு கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். மனிதர் கத்தவில்லை. கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒரு குழிக்கு எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு சொட்டு."

"கிருமி விடறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும் சார்."

அவர் காகிதத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். இந்த ஜென்மங்களை என்னவென்று சொல்ல. ஏழாம் வருஷம்தான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு வருஷம்க்கா" என்றாள். "ரிசல்ட் வரலைன்னு உங்க ஸ்டூல்ல உட்கார்ந்து எத்தனை தடவை அழுதிருக்கேன். நீங்க டீ போட்டுக் கொடுத்தீங்க. என் வீட்டுக்காரர் திரும்பி வந்துடுன்னு சொன்னப்பகூட, என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். எதுக்குப் பட்டினி போடறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பியா? இத்தனை வருஷத்துல இந்த மாடியில யாரு எனக்கு எதைச் சொன்னீங்க?" என்று மாமியார் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இல்ல, விடு. நான் அப்படிப் பேசக் கூடாது. கேக்காதது என் தப்புதான். உன் தட்டுல உன்னைக் கேக்காம கை வெச்சேன்."

லெட்டர் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை நாலு தட்டுகள் வைத்தார்கள். இரண்டு தட்டு பட்டினி, இரண்டு தட்டு மாமியார் கைச் சாப்பாடு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குப் பேசுகிற கிருமி, மற்றதுக்கு ஊமைக் கிருமி. ஏழாம் வருஷம் மாமியாரின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நீங்க எப்படி ஊத்துவீங்களோ அப்படியே ஊத்துங்க, நான் பார்க்கணும்" என்றாள். மாமியார் குழிக்கு இரண்டு சொட்டாக எண்ணி ஊற்றினாள்.

அப்புறம் மைக்ரோஸ்கோப்பை டிவி மாதிரி ஒரு திரையில் போட்டார்கள். கிருமிக்குப் பச்சையாக ஒளிர்கிற சாயம் ஏற்றியிருந்தார்கள். பட்டினித் தட்டில் ஊமைக் கிருமிகள் செல்களின் மேல் சும்மா கிடந்தன. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காத ஆபீஸில் மனுவோடு நிற்கிறவர்கள் மாதிரி, ஒன்றும் நகரவில்லை. மற்ற தட்டில் செல்களின் தோல் அங்கங்கே பொங்கி மடிந்துகொண்டிருந்தது. சீரம் சொன்ன சேதிக்கு அவை ஆடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை பேசாத ஊமைக் கிருமிகள் அந்த அலையில் மாட்டி, சுகமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"அப்ப அந்தப் புரதமும் சீரமும் தட்டறது ஒரே ஸ்விட்சை" என்று பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "பழைய இருபத்தாறும் தப்பு இல்லை. அதுவே ஒரு ரிசல்ட்." செவ்வாய்க்கிழமை அந்தப் புரதத்துக்கு ஒரு வேலையும் கிடையாது என்று சொன்ன வாய்தான்.

மாமியார் அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை. திரைக்கு அருகில் போய் நின்றாள். "பட்டினி கிடந்ததுங்க தப்பிச்சுதுங்களா?"

"ஆமாக்கா."

"நான் கொடுத்ததுங்கதான் மாட்டிக்கிச்சா?"

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு வாய் குடிக்கட்டும்னுதானே கொடுத்தேன்" என்றாள். அவள் அழுதாள். செல்லுக்காக யாராவது அழுவார்களா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எனக்கு நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான் தெரியும்.

கெடுவை ஆறு மாதம் நீட்டினார்கள். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள், ஒவ்வொரு முறையும் மாமியார் ஊற்ற, பக்கத்தில் ஏழாம் வருஷம் நின்று நேரம் குறித்தாள். வேலையைத் தவிர இருவரும் வேறு பேச்சுப் பேசவில்லை. பேராசிரியரோ, பட்டினிச் செல்லையும் சாப்பிட்ட செல்லையும் ஒப்பிடுவது ஆரம்பத்திலிருந்தே தன் யோசனை என்கிற மாதிரி மூன்று ஊர்களில் பேசிவிட்டு வந்தார். ஒரு வழியாகக் கமிட்டி தலையாட்டியது. ஏழாம் வருஷம் டாக்டர் ஆனாள். அடுத்த இரண்டு வருஷம் இங்கேயே வேலை, செல் அறையும் இனி அவள் பொறுப்பு என்று முடிவானது. கணவனும் வந்து, கூச்சத்தோடு எங்களுக்கெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்தான்.

கேக் தட்டோடு பேராசிரியர் மாமியாரிடம் வந்தார். மனிதர் அன்றைக்குத் தாராளத்தில் மிதந்தார். "நடந்தது நடந்துபோச்சு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

மாமியார் புது டாக்டர் பக்கம் திரும்பினாள். "ரூம் இப்ப உன் பொறுப்பு. நீ சொல்லு. நான் உள்ள வரலாமா?"

அந்தப் பெண் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். எல்லோரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வேண்டாம்க்கா" என்றாள். "என்னால முடியல. ஒவ்வொரு தட்டையும் எடுக்கும்போது, இதுல என்ன இருக்குமோன்னு தோணுது."

மாமியார் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பெரிய இன்குபேட்டர் கதவு சரியா மூடாது, முழங்காலால ஒரு தள்ளு தள்ளணும்" என்றாள்.

படியில் இறங்கும்போது நான் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். பட்டம் வாங்கிக் கொடுத்தவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா, நன்றி கெட்ட ஜென்மம் என்றேன்.

"சும்மா இருடி" என்றாள் மாமியார். "பட்டம் அவ வாங்கினது. நான் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். இன்னைக்குக் கேட்டேன், மனசுல இருந்ததைச் சொன்னா. அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா."

அவளைக் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்த ஸ்டோருக்குக் கதவே கிடையாது. குறுக்கே ஒரு மேசை, பின்னால் அலமாரிகள். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் எட்டிக் கைவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள். மாமியார் போன முதல் வாரமே அது நின்றுபோனது. பேராசிரியர் இரண்டு பாட்டில் சீரம் கேட்டு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"எதுக்கு சார்?" என்றாள்.

"சோதனைக்கு."

"என்ன சோதனை?"

அவர் கையை நீட்டியபடியே நின்றார். அவள் பாட்டில்களைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.